வரப்போகும் சிப்பும் வராத வேகமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விநோதமாய்த் தோன்றலாம். கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் உள்ளே இருக்கும் சிப் என்னும் பிராசஸரைப் பற்றியும், அதைச் செய்து விற்கும் கம்பெனிக்காரர்கள் அது கடைக்கு வருவதற்கு முன்பே அதன் வேகத்தைக் குறித்துச் செய்யும் பிரசாரத்தைப் பற்றியுமே பேசப்போகிறோம். "இது இஞ்சினீயர்கள் பேசவேண்டிய விஷயமல்லவா? இதில் நமக்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் பணம் கொடுப்பவன் யார்? பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவதற்காகத் தவணைக் கடன் எடுத்து லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் தகப்பன் இஞ்சினீயர் அல்ல. சர்க்கார் ஆபீசுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர் வாங்கும்போது அதற்கு வரி கொடுக்கிறவர்களும் இஞ்சினீயர்கள் அல்ல. பணம் கொடுப்பவனுக்குத் தலையாட்ட மாத்திரந்தான் உரிமையுண்டு, கேள்வி கேட்க உரிமையில்லை என்பதை நாம் எந்த விஷயத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. இதிலும் ஒப்புக்கொள்ள முடியாது.

அன்றியும், சோதிடன் சொன்னால் சிரிக்கிற படித்த மனிதர்கள் அநேகர், பெரிய மேடையில் வெள்ளைத் திரையில் எண்களைப் போட்டு ஒரு கம்பெனித் தலைவர் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். சொன்னவர் யார் என்று பார்த்து நம்புவதும், எங்கே சொன்னார் என்று பார்த்து நம்புவதும் ஒரே வியாதிதான். சொன்னது என்ன, அதற்கு ருஜு என்ன என்று பார்ப்பதுதான் பகுத்தறிவு. பிறவாத பிள்ளைக்கு ஜாதகம் கணிப்பதைப் பரிகாசம் செய்யும் நாம், பிறவாத சிப்புக்குக் கணிக்கப்படும் ஜாதகத்தையும் அதே கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

முதலில் சிப் என்றால் என்னவென்று பார்ப்போம். அது விரல் நகத்தளவான ஒரு சிலிக்கன் துண்டு. அதில் டிரான்சிஸ்டர் என்னும் மிகச் சிறு சுவிட்சுகள் கணக்கற்று அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆப்பிள் கம்பெனியார் 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட எம்1 என்னும் சிப்பில் மாத்திரம் 1600 கோடி சுவிட்சுகள் இருக்கின்றன. இவையெல்லாம் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கின்றன. ஒரு செக்கண்டுக்கு 100 கோடி தாளம் போட்டால் அதை ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்கிறார்கள். மனிதனுடைய புத்தியால் ஆன இந்த அற்புதமான காரியத்தை நாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. செய்தவன் திறமைசாலி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. விற்பவன் சொல்லும் கணக்கில்தான் சந்தேகம்.

தாளம் வேகமாய்ப் போட்டால் வேலை வேகமாய் நடக்குமா? அவசியமில்லை. இரண்டு மாடுகள் நடக்கின்றன. ஒன்று குறுங்காலடி வைத்து நிமிஷத்துக்கு 100 அடி வைக்கிறது. மற்றொன்று நீண்ட காலடி வைத்து 70 அடியே வைக்கிறது. எது முன்னே போய்ச் சேரும்? காலடி எவ்வளவு நீளம் என்பதையும் கேட்டால்தானே பதில் சொல்லமுடியும்? சிப்பும் அப்படியே. ஒரு தாளத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாமல் தாளத்தின் எண்ணிக்கையை மாத்திரம் சொல்லுகிறவன் பாதிக் கணக்கைச் சொல்லுகிறவனேயாவான்.

இந்தப் பாதிக் கணக்கை வைத்தே ஒரு காலத்தில் பெரும் வியாபாரம் நடந்தது. 2000-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள இன்டெல் கம்பெனியார் பென்டியம் 4 என்னும் சிப்பை வெளியிட்டார்கள். அதற்கு முந்திய பென்டியம் 3-ல் ஒரு கட்டளை 10 படிகளில் முடிந்தது. பென்டியம் 4-ல் அதை 20 படிகளாய் நறுக்கினார்கள். படி சிறிதானால் தாளத்தை வேகமாய்ப் போடலாம்; விளம்பரத்தில் பெரிய எண்ணைக் காட்டலாம். ஆனால் ஒரு தாளத்தில் முடியும் வேலை குறைந்துபோயிற்று. முதலில் வந்த பென்டியம் 4 சில வேலைகளில் பழைய பென்டியம் 3-க்குப் பின்தங்கியே இருந்தது. இருந்தாலும், இந்த வழியிலேயே 10 ஜிகாஹெர்ட்ஸ் வரை போய்விடலாம் என்று பேசப்பட்டது.

நடந்தது என்ன? வேகத்தை ஏற்ற ஏற்றச் சூடும் ஏறிற்று. 4 ஜிகாஹெர்ட்ஸ் சிப் வரும் என்றார்கள். பிறகு தாமதமாகும் என்றார்கள். கடைசியில் 2004-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் வரவே வராது என்றார்கள். அக்கம்பெனியின் அப்போதைய தலைவர் கிரெய்க் பாரெட் என்பவர் ஒரு மகாநாட்டு மேடையில் பலர் முன்னிலையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் அதை வேடிக்கையாகச் செய்திருந்தாலும் அதற்குக் காரணமான விஷயம் வேடிக்கையல்ல. 2006-ல் அதே கம்பெனியார் கோர் 2 டுயோ என்னும் சிப்பை வெளியிட்டபோது, அதன் தாளம் குறைவாயிருந்தும் வேலை அதிகமாய் நடந்தது. அதாவது அதுவரை தாங்கள் செய்துவந்த பிரசாரம் தப்பு என்பதைத் தங்கள் சரக்கைக்கொண்டே ருஜுப்பித்தார்கள். 2024-ல் கூட அவர்கள் விற்ற மிகுந்த வேகமுள்ள சிப், உச்சத்தில் 6.2 ஜிகாஹெர்ட்ஸைத்தான் எட்டிற்று. 10 எங்கே, 6.2 எங்கே?

பென்டியம் 4-ஐ வேகமாய்க் காட்டும்படி பரீட்சைகளையே வளைத்தார்கள் என்று வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தார்கள். 2014-ல் கம்பெனியார் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவருக்குத் தலைக்கு 15 டாலர் கொடுப்பதாக ராஜி செய்துகொண்டார்கள். வாங்கிய காலம் 2000 முதல் 2002 வரை. 15 டாலருக்கு ராஜியான காலம் 2014. நியாயம் எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிற்று பாருங்கள்!

நிற்க. ஏமாற்றம் வாங்கினவனோடு நின்றுபோனால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். வராத சிப்பின் புகழ், இருக்கும் சிப்புகளையே கொன்றுவிட்ட கதையையும் கேளுங்கள். 1994-ம் வருஷத்தில் இன்டெலும் ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து புது மாதிரியான சிப் ஒன்றைச் செய்யப் புறப்பட்டன. அதற்குத்தான் பின்னால் ஐட்டேனியம் என்று பெயர் வைத்தார்கள். இனி உலகத்துப் பெரிய கம்ப்யூட்டர்களெல்லாம் அதைக்கொண்டே ஓடும் என்று பிரசாரம் நடந்தது. சந்தை நிலவரம் கணிக்கும் நிபுணர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி டாலர் விற்கும் என்று ஜோசியம் சொன்னார்கள். ஒருவராவது அந்தச் சிப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்க அது பிறக்கவுமில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டே மற்றக் கம்பெனிகள் கிலிகொண்டன. சிலிக்கன் கிராபிக்ஸ் கம்பெனியார் தாங்கள் நம்பியிருந்த மிப்ஸ் சிப்பைக் கைவிட்டு ஐட்டேனியத்துக்கு மாறுவதாக 1998-ல் சொல்லிவிட்டார்கள். காம்பாக் கம்பெனியார் தங்கள் கையிலிருந்த ஆல்பா என்னும் நல்ல வேகமான சிப்பை மேலும் வளர்ப்பதில்லை என்று 2001-ல் தீர்மானித்தார்கள். வருஷக்கணக்காய்த் தாமதப்பட்டு 2001-ல் ஐட்டேனியம் வந்து சேர்ந்தபோது, அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஜனங்களிடம் ஏற்கெனவே இருந்த சாதாரண புரோகிராம்களை அதில் போட்டால் நத்தையாய் நகர்ந்தது. 2003-ல் ஏ.எம்.டி. கம்பெனியார் பழைய முறையையே விரிவுபடுத்தி ஆப்டரான் என்னும் சிப்பைக் கொண்டுவந்தார்கள். மறு வருஷமே இன்டெலும் அந்த விரிவைத் தன் சிப்புகளில் ஏற்றுக்கொண்டது. 2021-ம் வருஷம் ஜூலையோடு ஐட்டேனியம் அனுப்புவது நின்றுபோயிற்று. அது போயிற்று, ஆனால் அதன் பெயரைக் கேட்டே கொல்லப்பட்ட ஆல்பா திரும்பி வந்ததா? இல்லை. உழுதுகொண்டிருக்கும் மாட்டைச் சினையிலிருக்கும் கன்றை நம்பி அடிமாட்டுக்கு விற்ற கதையல்லவா இது?

இனி, மேடையில் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினால் நம்பலாமல்லவா என்று கேட்பீர்கள். 2018-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தைவானிலுள்ள தைபே நகரத்துக் கண்காட்சியில் இன்டெல் கம்பெனியார் 28 உள்கருக்கள் கொண்ட ஒரு சிப்பை 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு பத்திரிகைக்காரர்கள் துருவிப் பார்த்ததில், தொழிற்சாலைகளில் உபயோகிக்கும்படியான தண்ணீர் குளிர்விக்கும் யந்திரம் ஒன்று மேஜைக்கடியில் மறைவாய் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வரம்புக்கு மேல் வேகமேற்றி ஓட்டினோம் என்பதைச் சொல்ல மறந்துபோனோம் என்று கம்பெனியார் சமாதானம் சொன்னார்கள். 2019 ஜனவரியில் அந்தச் சிப் விற்பனைக்கு வந்தபோது அதன் சாதாரண வேகம் 3.1 என்றும் உச்ச வேகம் 4.3 என்றும் அச்சிட்டிருந்தது. மந்திரவாதி மேஜைக்கடியில் கைவிட்டால் கூர்ந்து பார்க்கிற நாம், கம்பெனிக்காரன் மேஜைக்கடியையும் குனிந்து பார்க்க வேண்டாமா?

மற்றொரு தந்திரம் ஒப்பிட்டுக் காட்டுவது. தன் ஆளை நன்றாய்ச் சாப்பிடச் சொல்லி, எதிராளியின் ஒரு கையைக் கட்டிவிட்டுக் குஸ்தி நடத்தினால் யார் ஜெயிப்பார்? அதே 2018 அக்டோபரில் இன்டெலின் புதுச் சிப்புக்கும் ஏ.எம்.டி.யின் சிப்புக்கும் விளையாட்டுப் புரோகிராம்களில் போட்டி வைத்து, இன்டெல் பணம் கொடுத்து ஏற்பாடு செய்த ஒரு பரீட்சைக் கம்பெனி முடிவை வெளியிட்டது. அதில் ஏ.எம்.டி. சிப்பின் 8 உள்கருக்களில் பாதியை நிறுத்திவைக்கும் ஒரு முறையில் அது ஓட்டப்பட்டிருந்தது. ஆட்சேபம் கிளம்பிய பின் மறுபடி பரீட்சை செய்தார்கள், வித்தியாசம் குறைந்துபோயிற்று. இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், முன்பணம் கட்டி வாங்க ஜனங்களை அழைத்தாய்விட்டது. ஆனால் சுயேச்சையான பரீட்சைக்காரர்கள் தங்கள் முடிவை வெளியிட அக்டோபர் 19 வரை அனுமதியில்லை. அதாவது பணம் வாங்க இன்றே நல்ல நாள். உண்மை சொல்ல இன்னும் நாள் வரவில்லை!

ஒரு கம்பெனியை மாத்திரம் குறை சொல்லுகிறோம் என்று நினைக்கவேண்டாம். ஏ.எம்.டி.க்காரர்கள் 2007-ல் பார்சலோனா என்னும் சிப் வருமுன்னே, அது போட்டிச் சிப்பைவிட 100-க்கு 40 பங்கு மேலாய் ஓடும் என்றார்கள். வந்த பிறகு அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. பிழைக்குச் செய்த பரிகாரம் வேகத்தை மேலும் குறைத்தது. 2011-ல் அவர்கள் விற்ற புல்டோசர் சிப்பில் 8 உள்கருக்கள் என்றது சரியல்ல என்று வழக்கு வந்து, 2019-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 121 லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. 2022-ல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் எம்1 அல்ட்ரா சிப்பை என்விடியாவின் மிகப் பெரிய படச் சிப்போடு ஒப்பிட்டு ஒரு படம் போட்டார்கள். எதை அளந்தார்கள் என்றே அதில் இல்லை. எதிராளியின் கோடும் அதன் முழுப் பலத்தை எட்டுமுன்னே நின்றுபோயிருந்தது. பிறர் பரீட்சித்தபோது எதிராளி பல வேலைகளில் வெகுதூரம் முன்னே போய்விட்டது.

2025 ஜனவரியில் என்விடியா கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 என்னும் புதுச் சரக்கு, 1599 டாலருக்கு விற்கத் தொடங்கிய 4090-க்குச் சமமான வேகம் தரும் என்று மேடையில் சொன்னார். செயற்கை அறிவின் உதவியால் இது முடிகிறது என்றும் கூடவே சொன்னார்தான். ஆனால் அதன் கருத்து என்ன? சிப் உண்மையாய்ப் போடும் படம் ஒன்று. நடுவே இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துச் செருகும் படங்கள் மூன்று. நான்கையும் சேர்த்து எண்ணி வேகம் என்றார்கள். ஒரு படி அரிசியில் மூன்று படி பொரி சேர்த்து நான்கு படி என்று அளந்தால், பார்க்க மரக்கால் நிறைந்துதான் இருக்கும். உலையில் போட்டால் அல்லவா தெரியும்! மார்ச் மாதத்தில் சுயேச்சையானவர்கள் பரீட்சித்தபோது, செருகல் இல்லாமல் அது 4090-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, பொதுவான பரீட்சை ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன? வைத்திருக்கிறார்கள். 1988-ல் ஸ்பெக் என்னும் சங்கம் ஏற்பட்டது. அது உண்மையான புரோகிராம்களைத் திரட்டிப் பரீட்சையாய் வைத்து, கம்பெனிக்காரர்கள் அதில் ஓட்டி அளந்து அனுப்பும் முடிவுகளைப் பார்த்து வெளியிடுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் கேள்வித்தாள் முன்னாலேயே தெரிந்த பரீட்சையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு புரோகிராம் இருந்தது. மனிதன் எழுதுவதைச் சிப்பின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பாளனை அந்த ஒரு புரோகிராமுக்கென்றே சாமர்த்தியமாய்த் தயார் செய்து, பல மடங்கு மார்க் வாங்கினார்கள். 1992-ல் வந்த தொகுப்பில் அதையே நீக்கவேண்டியதாயிற்று. முப்பது வருஷத்துக்குப் பிறகாவது திருந்தினார்களா? 2024 பிப்ரவரியில், இன்டெலின் கம்பைலர் பரீட்சையிலுள்ள ஒரு புரோகிராமுக்கென்றே தந்திரம் செய்திருக்கிறது என்று, 2600-க்கு மேற்பட்ட முடிவுகள் விதிக்குப் பொருந்தாதவை என்று அச்சங்கத்தார் குறிப்பெழுதினார்கள். செல்போனிலும் இதே கதைதான். 2013-ல் சாம்சங் கம்பெனியின் ஒரு போன், பரீட்சைப் புரோகிராம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அப்போது மாத்திரம் வேகத்தை ஏற்றிக்கொண்டதை ஒரு பத்திரிகை அம்பலப்படுத்திற்று. மாட்டுச் சந்தைக்குப் பிடித்துப்போகும் பசுவை முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாய்க் காட்டும் தரகனை நம் ஜனங்களுக்குத் தெரியாதா? அதே தரகன்தான்; கோட்டுப் போட்டிருக்கிறான், அவ்வளவே.

பெயரில் செய்யும் தந்திரமும் ஒன்றுண்டு. 7 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சிப்பினுள் எது அந்த அளவு இருக்கிறது என்று கேட்டால், எதுவுமில்லை. அது வெறும் பெயராய்ப்போய் வெகு காலமாயிற்று. 2021 ஜூலையில் இன்டெல் கம்பெனியார் அதுவரை 10 நானோமீட்டர் என்று சொல்லிவந்த ஒரு செய்முறைக்கு இன்டெல் 7 என்று மறுபெயர் வைத்தார்கள். எதிராளி 7 என்று சொல்லுவதும் ஏறக்குறைய இதே நெருக்கந்தான் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் பெயரை மாற்றினால் அளவு மாறுமென்றால், அது அளவல்ல, பட்டம் என்பது விளங்கவில்லையா? பட்டத்தைப் பார்த்து மதிப்புக் கொடுப்பது மனிதரிடத்திலும் கூடாது, சிப்பினிடத்திலும் கூடாது.

எல்லாம் பொய்யா என்றால், இல்லை. உண்மையை மறைப்பது நமக்கும் அழகல்ல. 2015-ல் ஏ.எம்.டி.க்காரர்கள் தங்கள் ஜென் என்னும் சிப் ஒரு தாளத்துக்கு 100-க்கு 40 பங்கு அதிக வேலை செய்யும் என்றார்கள். 2017-ல் வந்தபோது 52 பங்கு என்றார்கள். பரீட்சைக்காரர்களும் பெருத்த முன்னேற்றம் என்றே ஒப்புக்கொண்டார்கள். நம்முடைய வாதம், கம்பெனிக்காரன் சொல்லுவதெல்லாம் பொய் என்பதல்ல. அவன் சொல்லுவது ருஜுவாகாது என்பதே. சிப் ஒன்றைத் திட்டமிட்டு முடிக்கப் பல வருஷம் பிடிக்கிறது. அது உருவாகுமுன் கணக்குப் போட்டே வேகத்தை மதிப்பிடவேண்டியிருக்கிறது. இஞ்சினீயர் "இப்படியானால் இவ்வளவு வரலாம்" என்கிறான். விளம்பரக்காரன் கைக்கு வந்ததும் "இப்படியானால்" என்பது உதிர்ந்துபோகிறது; "வரலாம்" என்பது "வரும்" என்று ஆகிவிடுகிறது. ஏனென்றால் பங்கு விலை ஏறவேண்டும். எதிராளியின் சரக்கை இன்று வாங்க வந்தவன் நாளைக்கு வாங்கலாமென்று திரும்பிப்போகவேண்டும். வியாபாரத்தின் லாபம் அப்படிப் பேசச் சொல்லுகிறது.

சிலர், உள்கருக்கள் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்குமென்று நினைக்கிறார்கள். ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரு விருந்துச் சமையல் ஒருவன் செய்தால் 10 மணி நேரம் ஆகிறது. அதில் 9 மணி நேர வேலை காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது போலப் பலர் பங்கிட்டுக் கொள்ளக்கூடியது. ஒரு மணி நேரம் அடுப்பில் வேகவேண்டியது. ஆயிரம் பேரை அழைத்துவந்தாலும் அந்த ஒரு மணி நேரம் குறையுமா? ஆகவே எத்தனை பேர் வந்தாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் வராது. உங்கள் வேலையில் பங்கிடக்கூடியது எவ்வளவு என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பைத்தியமும் இருக்கிறது. சிப் வாங்குகிறவர்களில் சில வாலிபர்கள் ஒரு கம்பெனியைத் தங்கள் மதம்போல் வைத்துக்கொண்டு, மற்றக் கம்பெனிக்காரன் ஆளோடு சண்டைக்குப் போகிறார்கள். தங்கள் கம்பெனி சொன்னால் வேதவாக்கு; எதிர்க் கம்பெனி சொன்னால் புரட்டு. இவர்களுக்கு அந்தக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறதா? இல்லை; இவர்கள்தான் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். பணமும் கொடுத்து, அவனுக்காகச் சண்டையும் போட்டு, சுயபுத்தியையும் அடகு வைப்பது என்றால் இதைவிட அடிமைத்தனம் வேறென்ன?

ஆகையால் நீங்கள் செய்யவேண்டியது என்ன? வரப்போகும் சிப்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் சில கேள்விகள் கேளுங்கள். முதலாவது, அளந்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தவன் யார்? இரண்டாவது, எந்த வேலையை வைத்து அளந்தான், அது நம்முடைய வேலையா? மூன்றாவது, எதோடு ஒப்பிட்டான், அந்த எதிராளியின் கையைக் கட்டிவைத்தானா? நான்காவது, "வரை" என்னும் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது? 100-க்கு 50 வரை என்றால் ஒன்றும் அதற்குள் அடக்கம், சைபரும் அடக்கம். ஐந்தாவது, எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எவ்வளவு சூடாகிறது, மேஜைக்கடியில் என்ன இருக்கிறது? ஆறாவது, இப்போது கடையில் கிடைக்கிறதா, கூலி வாங்காத ஒருவன் கடையில் வாங்கிப் பரீட்சித்திருக்கிறானா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும்வரையில் பணப்பையை அவிழ்க்காதீர்கள். கையிலிருக்கும் கம்ப்யூட்டர் உங்கள் வேலைக்குப் போதுமானால், புதிது வந்துவிட்டது என்பதற்காக அது பழுதாகிவிடாது. வேண்டியிருந்தால், இன்று கடையில் உள்ளதில் பரீட்சித்துப் பார்த்ததை வாங்குங்கள். நாளை வருமென்று சொல்லுவதற்காக இன்று முன்பணம் கொடுக்காதீர்கள். சர்க்காரார் பொதுப் பணத்தில் வாங்கும்போதும், கம்பெனியின் நோட்டீசைப் பார்த்து டெண்டரில் எண்ணைப் போடாமல், எந்த வேலைக்கு வாங்குகிறார்களோ அந்த வேலையையே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கவேண்டும். இதைக் கேட்க இஞ்சினீயர் பட்டம் வேண்டியதில்லை. சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு இருக்கிற புத்தியே போதும்.

இங்கு நாம் சொன்னதையும் அப்படியே தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். நாம் சொன்ன வருஷங்களையும் எண்களையும் தேடிப் பாருங்கள். ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வாவிட்டால் தாராளமாய்த் தள்ளிவிடுங்கள். கம்பெனிக்காரனை நம்பாமல் நம்மை நம்பினால் எஜமான் மாறினானே ஒழிய அடிமைத்தனம் மாறவில்லை.